மணி அடித்தால் ஓடுகிறவன்

தீயணைப்பு வேலை என்றாலே நெருப்புக்குள் பாய்வதுதான் கஷ்டம் என்று ஊரில் பாதிப்பேர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பாய்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். நெருப்பு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒருநாளில் அடங்கிவிடும். எங்களை விடாமல் துரத்தியது தூக்கம். இதைச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. நான், நூர் பாஷா, தர்மபுரியில் இருபத்தோரு வருஷம் தீயணைப்பு வண்டி ஓட்டியவன். ஆனால் சொல்லவந்தது என் கதையை அல்ல. என்னோடு ஒரே வண்டியில் பன்னிரண்டு வருஷம் வந்த சவரிராயனுடைய கதையை. தூக்கத்தில் அவன் எனக்கே வாத்தியார்.

எங்கள் டியூட்டி நாற்பத்தெட்டு மணி நேரம். காலை எட்டு மணிக்கு ஆஜர் கொடுத்தால் மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குத்தான் விடுதலை. பிறகு ஒருநாள் ஓய்வு, மறுபடியும் நாற்பத்தெட்டு. 'அதனால் என்ன, தீ இல்லாத நேரத்தில் படுத்துத் தூங்கலாமே' என்று சிலர் கேட்பார்கள். என் மச்சினன் ஒருநாள் அப்படிக் கேட்டான். அன்றிலிருந்து அவனோடு எனக்குப் பேச்சு கொஞ்சம் குறைவு. படுக்கலாம்தான், காக்கி உடுப்போடு, பூட்ஸைக் கட்டிலடியில் தயாராக வைத்துக்கொண்டு. வாட்ச் ரூமில் மணி அடித்தால் ஒரு நிமிஷத்துக்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருக்கவேண்டும். அதனால் உடம்பு தூங்கினாலும் காது தூங்காது. மணி கேட்டதும் கால் தானாக ஓடும், புத்தி அப்புறமாக வந்து வண்டியில் ஏறிக்கொள்ளும். அரை மைல் போனபிறகு, "நாம எங்கப்பா போறோம்?" என்று பக்கத்தில் இருந்தவரை நான் கேட்டதுண்டு. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது நான்தான்.

எங்கள் ஜில்லாவோ வறண்ட ஜில்லா. மாசி பிறந்தால் வைகாசி முடிய ஏதாவது ஒன்று எரிந்துகொண்டே இருக்கும். கூரை வீடாவது கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், அந்த வயிற்றெரிச்சல் வேறு விஷயம். வைக்கோல் போர் அப்படியல்ல. மேலே தண்ணீர் ஊற்றினால் மேலேதான் அணையும். உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். கொக்கி போட்டு இழுத்து, கத்தை கத்தையாகப் பிரித்து நனைக்கவேண்டும். ஒரு போருக்கு எட்டு மணி நேரம். கிணற்றில் தண்ணீர் இருபத்தைந்து அடிக்குக் கீழே போய்விட்டால் எங்கள் பம்பு உறிஞ்சாது. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் கோடையில் தண்ணீரைப் பார்க்கவேண்டுமென்றால் குனிந்து எட்டிப் பார்க்கவேண்டும். ஊர்ச்சனம் வரிசையாக நின்று குடத்தில் இறைத்துக் கொடுக்கும், நாங்கள் பிரித்துப் பிரித்து நனைப்போம். பம்பு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கடைசிக் கத்தை வரைக்கும் நிற்கிறவன் சவரி.

அவன் ஊர் தர்மபுரியிலிருந்து ஆறு மைல், கடத்தூர் போகும் பக்கம். ஒரு மாதா கோயிலும் அதைச் சுற்றி எண்பது வீடும். கேழ்வரகும் கடலையும் போட்டுப் பிழைத்த குடும்பத்தில் அரசாங்கச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் அவன். அறுபத்தோராம் வருஷம் வேலைக்குச் சேர்ந்தான், மறுவருஷம் லூர்தம்மாளைக் கட்டினான். கேழ்வரகுக் காட்டு வேலையைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் அவள் ஊரிலேயே இருந்தாள். இவன் மூன்று நாளைக்கு ஒருமுறை சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் வருவான். போய் வருவான் என்று நான் சொல்வது மரியாதைக்கு. போய்த் தூங்கி வருவான்.

மகள் இசபெல்லா பிறந்த அன்று நாங்கள் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு வைக்கோல் போரைப் பிரித்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள்தான் அவனால் பிள்ளையைப் பார்க்கப் போக முடிந்தது. பார்த்தான், சிரித்தான், பிள்ளைக்குப் பக்கத்திலேயே சாய்ந்தான். எழுந்தபோது டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. ஞானஸ்நானத்தன்று எங்களுக்கு வத்தல்மலை அடிவாரத்தில் வேலை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் அவள் கும்மியடித்தபோது முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டான். களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகிற வழியிலேயே தூங்கிப்போய், அவன் கை அந்தரத்தில் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த அப்பா, பாயில் திரும்பிப் படுத்திருக்கும் ஒரு முதுகு.

இதை அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கையை நிறுத்தினான்.

"பாயி, எம்புள்ள எந்தப் பாட்டுப் பாடுவா, என்ன வெளையாடுவா, ஒண்ணும் எனக்குத் தெரியலடா. நான் கண்ணத் தொறக்கறப்ப அவ பள்ளிக்கூடம் போயிருக்கறா. அவ வர்றப்ப நான் சைக்கிள எடுத்துடறேன்."

நானும் ஒரு துணியை எடுத்து அவனோடு சேர்ந்து பம்பைத் துடைத்தேன். என் வீட்டிலும் அதே கதைதான்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. எழுபத்தோராம் வருஷம் அவர்கள் ஊர்த் திருவிழாப் பூசையில் நடந்ததுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. டியூட்டி முடிந்து நேரே கோயிலுக்குப் போய், ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறான். பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிட்டான். அதில் தப்பில்லை, பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு, எங்கள் ஜும்மாவில் என்னைப் பற்றிக் கேட்டால் தெரியும். ஆனால் அவர்கள் பூசையின் நடுவில் ஒரு கட்டம் வரும். சாமியார் அப்பத்தை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடிப்பார், பீடத்தில் கைமணி அடிப்பார்கள், கோயில் முழுக்க முழங்காலில் தலைகுனிந்து மூச்சுவிடாமல் இருக்கும். சவரியின் காதுக்கு அது எங்கள் ஸ்டேஷன் மணி. எழுந்தான், "வண்டிய எடு!" என்று கத்தினான், முழங்காலில் இருந்த இரண்டு பேரைத் தாண்டிக் குதித்தான், கோயிலை விட்டு வெளியே ஓடினான். புளியமரத்தடியில் நின்று பூட்ஸைத் தேடியபோதுதான் விழிப்பு வந்ததாம்.

அவன் சொல்லிக் கேட்டு ஸ்டேஷனில் நாங்கள் இரண்டு நாள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். ஊரிலும் சிரித்தார்கள். ஆனால் பெரியவர்கள் ஒரு வாரத்தில் மறந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மறக்கவில்லை. இசபெல்லா வருவதைக் கண்டால் ஒருத்தி டம்ளரில் கரண்டியால் தட்டுவாள், இன்னொருத்தி "வண்டிய எடு!" என்று கத்திக்கொண்டு ஓடுவாள். எட்டு வயதுப் பெண். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு வருஷம் அதைச் சுமந்திருக்கிறாள்.

மறு வருஷம் சித்திரையில் அவளுக்குப் புதுநன்மை வைத்தார்கள். பிள்ளைகள் முதல்முதலாகக் கோயிலில் அப்பம் வாங்கும் சடங்கை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். வெள்ளைக் கவுன், தலையில் வெள்ளை வலைத்துணி, கையில் மெழுகுவத்தி. ஆயுசில் ஒருமுறை வருவது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிப் பூசை என்று தெரிந்ததும் சவரி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். அன்று காலை எட்டு மணிக்கு அவனுக்கு டியூட்டி முடிகிறது. "இத ஒண்ணாவது முழிச்சிருந்து பாத்துருவேன் பாயி" என்று ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அடுத்த ஓய்வு நாள் முடிந்து திரும்பி வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. ஆஜர் கொடுத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் போய்த் தோளைத் தொட்டேன்.

"வர வேணாம்னு சொல்லிட்டாடா."

"யாருடா சொன்னது? சாமியாரா?"

"இசபெல்லா. 'அப்பா, அன்னிக்கு நீங்க வூட்லயே தூங்குங்கப்பா. மணி அடிச்சா ஓடிருவீங்க, எல்லாரும் சிரிப்பாங்க'ன்னா. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல பாயி. கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனா."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பிள்ளைமேல் கோபப்பட முடியாது. இவன்மேலும் முடியாது. கடைசியில் போன வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்த என்மேலேயே திரும்பியது. அடுத்த ஓய்வு நாளில் என் வீட்டுக்குப் போகாமல் அவனோடு அவன் ஊருக்குப் போனேன்.

சவரி வழக்கம்போல் உள்ளே போனதும் சாய்ந்துவிட்டான். இசபெல்லா வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் எல்லாருமே மெல்லத்தான் பேசுவார்கள், தூங்குகிறவன் எழுந்துவிடக்கூடாதென்று. நானும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"கண்ணு, உங்கப்பன் ஓடக்கூடாது, அவ்வளவுதான உனக்கு?"

அவள் தலையாட்டினாள்.

"நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். பெல்ட்டக் கெட்டியாப் புடிச்சுக்கறேன். எந்திரிச்சான்னா ஒரே இழுப்பு, உக்கார வெச்சுருவேன்."

"நீங்க கோயிலுக்குள்ள வருவீங்களா பாய் மாமா?"

"உங்க சாமியார் வேண்டாம்னு சொல்லாட்டி வர்றேன்."

அவள் கடலையை வைத்துவிட்டு யோசித்தாள். ஒப்பந்தம் எழுதுகிறவர் மாதிரி விரலைக் காட்டினாள். "மணி மூணு தடவ அடிப்பாங்க. மூணு தடவையும் புடிக்கோணும்."

"மூணு தடவையும் புடிக்கறேன்."

உள்ளே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த லூர்தம்மாள் வாசலுக்கு வந்தாள். "வரட்டுமே கண்ணு" என்றாள் மகளிடம். பிறகு என்னைப் பார்த்து, "அவரு பாத்தாப் போதுங்கண்ணா. பொறந்ததுல இருந்து இவளோட ஒரு நல்லதக்கூட அவரு கண்ணால பாத்ததில்லீங்க" என்றாள்.

"வரட்டும்மா" என்றாள் இசபெல்லா. "ஆனா ஓடக்கூடாது."

அந்த வெள்ளிக்கிழமை காலை டியூட்டியில் ஏறினோம். ஞாயிறு காலைக்குள் ஐந்து தடவை மணி அடித்தது. முதலில் ஒரு வைக்கோல் போர், அதை முடித்துக் குளிக்கப் போகும்போது இன்னொன்று. சனிக்கிழமை முழுக்க மலையடிவாரத்தில் காய்ந்த புல் பற்றி எரிந்தது. வண்டி போகாத இடம், பச்சைத் தழையை ஒடித்து அடித்தே அணைத்தோம். இறங்கிவந்து ஒரு வாய் சோறு தின்பதற்குள் ஒரு குடிசை. விடியற்காலையில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகை ஒன்று, காய்ந்த கரும்புச் சக்கை மலைபோலக் குவிந்த இடம். சவரி கொக்கியால் இழுப்பதும் கிழக்கே வெளுக்கிறதா என்று பார்ப்பதுமாக இருந்தான். ஸ்டேஷனுக்குள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது மணி எட்டே கால். பெட்டியில் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்தான். கையெல்லாம் கரி. தொட்டால் அழுக்காகிவிடும் என்று திரும்ப வைத்துவிட்டான்.

"ஏறுடா கேரியர்ல" என்றேன்.

சைக்கிளை நான் மிதித்தேன். பின்னால் உட்கார்ந்து தூங்கி விழுந்துவிடுவான் என்று எங்கள் இருவர் இடுப்பையும் சேர்த்து ஒரு கயிற்றால் கட்டிக்கொண்டேன். வழியில் எதிர்ப்பட்டவர்கள் கைதியைக் கொண்டுபோகிறேன் என்று நினைத்திருப்பார்கள். நான் "சவரி!" என்பேன், அவன் "இருக்கேன்" என்பான். பதில் வராவிட்டால் முழங்கையால் இடிப்பேன். ஆறு மைலும் அப்படியே போனோம்.

கோயிலில் கடைசியில், சுவரோரம் இடம் கிடைத்தது. இரண்டு பேர் மேலும் புகைநாற்றம். பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். முன்னால் பன்னிரண்டு பிள்ளைகள் வெள்ளை வெளேரென்று இருந்தார்கள். மூன்றாவதாக இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். நான் சவரியின் பெல்ட்டைப் பிடித்திருந்த கையை உயர்த்திக் காட்டினேன். இசபெல்லா ஒருமுறை தலையாட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சவரி தொடையைக் கிள்ளிக்கொண்டே, "அதோ பாரு பாயி, அதோ எம்புள்ள" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். பாட்டுப் பாடினார்கள். எழுந்தார்கள், உட்கார்ந்தார்கள். சாமியார் பிரசங்கம் தொடங்கினார். நல்ல குரல் அவருக்கு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மணி அடித்தது.

அடுத்து நான் செய்ததை லூர்தம்மாள் சொல்லித்தான் எனக்கே தெரியும். சவரியைப் பிடித்துக்கொள்ள ஆள் வைத்தோம், என்னைப் பிடித்துக்கொள்ள ஒருத்தரும் இல்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. பெல்ட்டை விட்டேனாம், "ஏறு ஏறு!" என்று கத்தினேனாம், கோயிலுக்கு வெளியே ஓடினேனாம். வெயில் முகத்தில் அடித்து, வண்டி நிற்கவேண்டிய இடத்தில் என் சைக்கிள் நிற்பதைப் பார்த்தபோதுதான் புத்தி வந்து சேர்ந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கு மேலே இரண்டாவது மணி கேட்டது. அந்தப் பிள்ளையின் நல்ல நாளை நானே கெடுத்துவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு வந்தேன்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். இசபெல்லா மட்டும் என்னைப் பார்க்கவில்லை. திரும்பி உட்கார்ந்து சுவரோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவரி எழவில்லை. சுவரில் சாய்ந்து, தலை நெஞ்சில் தொங்க, ஒரு கை தரையில் மல்லாந்து கிடக்க, அப்படியே இருந்தான். வேறு ஒன்றுமில்லை, உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கு அது தெரியும். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? இடி இடித்தாலும் எழாத அப்பா மணி அடித்தால் எழுவார் என்பது ஒன்றுதான் அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது மணியும் அடித்தது. அவன் அசையவில்லை.

அவள் மெழுகுவத்தியைப் பக்கத்தில் இருந்தவள் கையில் திணித்தாள். எழுந்தாள். கன்னியாஸ்திரி அம்மா எட்டிப் பிடிக்கப் பார்த்தார், கவுன் நுனிதான் கையில் பட்டது. முழங்காலில் இருந்த கூட்டத்தின் நடுவே, அந்த வெள்ளை உடுப்போடு, கோயிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடிவந்தாள். வந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினாள்.

"அப்பா! மணி அடிக்குதுப்பா! எந்திரிங்கப்பா! யாரு சிரிச்சாலும் பரவால்லப்பா, ஓடுங்கப்பா!"

கோயிலில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. எங்கோ ஒரு கைக்குழந்தை மட்டும் சிணுங்கியது.

சவரி கண்ணைத் திறந்தான். துள்ளவில்லை, கத்தவில்லை. மெதுவாகத் திறந்தான். எதிரே அவள் முகம், வலைத்துணி காதுக்குச் சரிந்து, மூக்கு ஒழுகிக்கொண்டு. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஓடல கண்ணு" என்றான். "இங்கதான் இருக்கேன்."

அவள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவன் கட்டிக்கொண்டதில் வெள்ளைக் கவுன் முதுகில் இரண்டு கையும் கரியாகப் பதிந்துவிட்டது. கன்னியாஸ்திரி அம்மா வந்து கூப்பிட்டார், அவள் போகவில்லை. பீடத்தில் இருந்த சாமியார் வயதானவர். இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்தார், வா என்று கையைக் காட்டினார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் காட்டினார்.

சவரி எழுந்து தள்ளாடினான். அவள் பிடித்துக்கொண்டாள். வெறுங்காலோடு, கரி பிடித்த காக்கியோடு, மகளோடு கோயிலின் நடுவே நடந்துபோய், வெள்ளைக் கவுன்களுக்கு நடுவில் முழங்காலில் நின்றான். அப்பம் கொடுக்கும் நேரம் வந்தது. அவள் முறை வந்தபோது கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். அவன் ஒரு சாண் தூரத்தில் இருந்தான். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம்போலச் சிவந்திருந்தது. அகலத் திறந்து, இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். பூசை முடிகிறவரைக்கும் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

நான் வாசலிலேயே நின்று அழுதேன். உள்ளே போக எனக்கு முகம் இல்லை. பூசை முடிந்து கூட்டம் கலைந்தபோது இசபெல்லாதான் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

"பாய் மாமா, புடிச்சுக்கறேன்னு சொல்லிட்டு நீங்களே ஓடிட்டீங்களே!"

"தப்புத்தான் கண்ணு. எல்லாரும் சிரிக்கற மாதிரி பண்ணிட்டேன்."

"சிரிச்சாச் சிரிக்கட்டும் மாமா" என்றாள். "எங்கப்பா பாத்துட்டாரு."